யாராவது தேய்ச்சீங்களா?

புதுவாயல் கூட்டுரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் என் பிசியோதெரபி கிளினிக் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். இரும்பு தூக்கித் தோள் போனவர்கள், பேக்கிங்கில் நாள் முழுக்க நின்று குதிகால் நொந்த பெண்கள். அவர்களுக்கு நடுவில்தான் அவர் வந்தார். பெரியபாளையம் போகும் வழியில் ஒரு கிராமம். நெல் நிலம் வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் சிகிச்சையில் குப்புறப் படுத்தபடியே கேட்டார்: "டாக்டரம்மா, எனக்குப் பண்றீங்களே, இத்தையே நம்ம பொண்ணுக்கும் பண்ண முடியுமா?"

"அவங்களுக்கு என்னண்ணா?"

"முதுவு வலி. தொட்டா உதைக்குது."

"உதைக்கிறாங்களா?"

"குதிரைம்மா."

இருவரும் சிரித்துவிட்டோம். கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதற்காக ஒரு வெள்ளைப் பெட்டைக்குதிரை வளர்த்துவந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவரும் அவர் மனைவியும் அதைப் பொண்ணு என்றே சொல்வார்கள்.

நான் டாக்டர் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போனேன். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது நின்றது. இளஞ்சிவப்பு மூக்கு, வெளிர்ந்த இமைமுடி. பக்கத்தில் போனபோது காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது. அவர் கழுத்தைத் தட்டிக்கொடுத்து ஏதோ முணுமுணுத்தார். முதுகெலும்புக்கு இருபுறமும் விரல்களை வைத்து மெதுவாக இறங்கினேன். சேணம் உட்காரும் இடம் வந்ததும் தோல் துடித்தது. ஜரிகையும் கண்ணாடியும் தைத்த அந்த ஊர்வலச் சேணத்தைத் திருப்பிப் பார்த்தால், அடியில் இரும்புச் சட்டம் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு நீட்டியிருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஒரு மாப்பிள்ளை.

சட்டத்தை மாற்றச் சொன்னேன். கெட்டியான கம்பளி ஒன்று அடியில் போடச் சொன்னேன். வாரம் ஒருமுறை போய்த் தேய்த்தேன். மனித முதுகில் தெரிந்ததைத்தான் செய்தேன்: கட்டிப்போன இடத்தில் உள்ளங்கையை வைத்து, அழுத்தாமல் காத்திருப்பது. மூன்றாம் வாரம் அது கீழுதட்டைத் தொங்கவிட்டது. கண் பாதி மூடியது. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, தலையை என் தோள்மேல் சாய்த்தது. அவ்வளவு கனமான தலை. அவர் மனைவி வாசற்படியில் நின்று, "யக்கா கைக்கு மயங்கிடுச்சு பாரு" என்றார். என்னைவிட பத்து வயது மூத்தவர் என்னை யக்கா என்றார்.

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. வெளிநாட்டில் யாரோ இணையம் வழியாக நடத்தும் ஆறு வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். குதிரை, நாய், மாடு. மசாஜ், எலும்பு மூட்டுகளைச் சரிசெய்வது. அச்சடித்த சான்றிதழ் வந்தது. என் பட்டத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டினேன். அந்தப் படிப்பின் முதல் பாடத்தில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் பார்க்காத விலங்கின்மேல் கை வைக்காதே. எங்கே வலி என்று சொன்னாலும் முதலில் நான்கு கால்களையும் தூக்கிப் பார். தேர்வில் இரண்டையும் சரியாக எழுதியிருந்தேன்.

குதிரையோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதும் அழைப்புகள் வர ஆரம்பித்தன. ஒரு பண்ணை வீட்டில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை. சேற்றில் வழுக்கி விழுந்த எருமை. கும்மிடிப்பூண்டியில் மாடிப்படி ஏற மறுக்கும் கொழுத்த லாப்ரடார். சிலது சரியானது. சரியாகாதவற்றைப் பற்றி யாரும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பகுதியின் அரசு கால்நடை மருத்துவருக்கு இந்தச் செய்தி போயிருந்தது. ஒரு நாள் குதிரைக்காரரின் பக்கத்து வீட்டுப் பசுவுக்கு ஊசி போட வந்தவர், நான் குதிரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். "குதிரைக்கு மசாஜா? ஃபேஷியலும் உண்டாம்மா?" என்றார். பசுவைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துப் பொருமினேன். இது சின்ன விஷயம். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அந்த வருடம் வைகாசியில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரு புதன்கிழமை காலை குதிரைக்காரர் போன் செய்தார்.

"பொண்ணு கட்டையாட்டம் நிக்குதும்மா. நடக்கச் சொன்னா நாலு காலும் விறைச்சிக்கினு வருது. நேத்து மத்தியானத்துலேந்து."

"நேத்து ஊர்வலம் இருந்துதா?"

"முந்தாநாளு. கவரப்பேட்டைல. ரோட்டுல ரொம்ப நேரம் ஆட வெச்சிட்டானுங்க." கொஞ்சம் தயங்கினார். "மாட்டு டாக்டர கூட்டியாரட்டுமா? இன்னா சொல்ற?"

"வேணாம்ண்ணா. தார் ரோட்டுல ஆடின தசைப்பிடிப்புதான். நான் மதியம் வந்து பாத்துக்கிறேன்."

யோசித்துச் சொன்னதாகத்தான் அப்போது எனக்குத் தோன்றியது. உண்மையில், ஃபேஷியல் என்று சிரித்தவர் வந்து நின்று, நான் தேய்த்த குதிரையைப் பார்த்து மறுபடி ஒரு வார்த்தை சொல்வார் என்பதுதான் என் மனதில் ஓடியது.

மதியம் போனேன். நான்கு கால்களையும் அகட்டி, கழுத்தை நீட்டி, வாலை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கிக்கொண்டு நின்றது. மரத்தால் செய்த குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினதுபோல இருந்தது. கை வைத்ததும் உடம்பு முழுக்க அதிர்ந்தது. தசை எல்லாம் பலகை. இவ்வளவு இறுக்கத்தை நான் எந்த உடம்பிலும் தொட்டதில்லை. பயந்திருக்க வேண்டும். நானோ சுடுதண்ணீர் கேட்டேன். துண்டை நனைத்துப் பிழிந்து முதுகில் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தேய்த்தேன். அது நடுங்கியது. இறுக்கம் விடுகிறது, அதனால்தான் நடுங்குகிறது என்று அவரிடம் விளக்கினேன்.

அவர் மனைவி சொன்னார்: "நேத்துலேந்து தண்ணி கூட சரியா குடிக்கல யக்கா. வாய தொறக்கவே மாட்டேங்குது. புல்லு அப்டியே தொங்குது பாரு."

பார்த்தேன். உதட்டோரம் மெல்லாத புல் இருந்தது. "தாடையும் புடிச்சிருக்கு" என்று சொல்லி, தாடை மூட்டையும் தேய்த்தேன். கல்லூரியில் வாய்ப்பூட்டு விழும் நோயைப் பற்றிப் படித்தவள் நான். பத்து மதிப்பெண் கேள்வி. அது மனிதர்களுக்கு வருவது என்று மூளையில் ஏதோ ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருந்தேன் போலிருக்கிறது. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தபோது, குதிரையின் கண்ணோரத்திலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு வந்து பாதிக் கண்ணை மூடிவிட்டுப் போனது. அதையும் பார்த்தேன். தூசி என்று நினைத்தேன்.

கால்களைத் தூக்கிப் பார்க்கவில்லை. முதுகுதான் என் வேலை என்று முதுகிலேயே நின்றேன்.

மறுநாள் காலை கிளினிக் திறக்கும் முன்பே போனேன். அது இன்னும் மோசமாக இருந்தது. வியர்வை வயிற்றிலிருந்து சொட்டியது. அவர் இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "இன்னிக்கு சரியாயிடுமா?" என்றார். கழுத்தெலும்பில் ஒரு இடம் நகர்ந்திருக்கலாம், அதைச் சரிசெய்தால் விட்டுவிடும் என்றேன். படிப்பில் காட்டியதுபோல ஒரு கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, மறு கையைக் கழுத்தின் பக்கவாட்டில் வைத்து, சட்டென்று ஒரு தள்ளு தள்ளினேன்.

குதிரை முழு உடம்பும் வில்லாக வளைந்தது. பல் நெரிந்த சத்தம் கேட்டது. கீழே விழப்போய், சுவரில் சாய்ந்து, எப்படியோ நின்றது. அவர் ஓடிவந்து நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எங்கள் இருவருக்கும் தெரியாமல் அவர் மனைவி கால்நடை மருத்துவருக்குப் போன் செய்திருந்தார்.

மருத்துவர் என்னை ஒருமுறை பார்த்தார். குதிரைக்கு முன்னால் போய் ஒரே ஒரு தடவை கையைத் தட்டினார். அந்த வெள்ளைச் சவ்வு கண்ணை மூடியது. குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார். விறைத்த காலைத் தூக்க முடியாமல் மண்டிபோட்டு, டார்ச் அடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பின்னங்கால் குளம்பின் அடியில் கறுப்பாக ஒரு சின்ன ஓட்டை. இடுக்கியை விட்டு இழுத்தார். துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று வந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. கம்பெனிகளிலிருந்து பழைய இரும்பு ஏற்றிப்போகும் லாரிகள் எங்கள் சாலையெங்கும் உதிர்த்துக்கொண்டு போவதில் ஒன்று.

"டெட்டனஸ்" என்றார். "எத்தினி நாளா இப்டி நிக்குது?"

"முந்தாநாளு மத்தியானத்துலேந்து சார்."

"ரெண்டு நாளு! ஏன்யா எனக்கு ஒரு போன் பண்ணல?"

வேலிக்கு வெளியே அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டிருந்தார்கள். குதிரைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார். சாதாரண புடிப்புன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

"கல்யாணத்துக்கு விடத் தெரியுது, வருசத்துக்கு ஒரு ஊசி போடத் தெரியல. நெனச்சானாம்!" மருத்துவர் பையைத் திறந்து மருந்தை எடுத்துக்கொண்டே பேசினார். "இருட்டா வெக்கணும். காதுல பஞ்சு வெக்கணும். சத்தம் ஆவக் கூடாது. முக்கியமா, யாரும் தொடக் கூடாது. தொடத் தொட இழுக்கும்." ஊசியில் மருந்தை ஏற்றியவர் நிமிர்ந்தார். "யாராவது தேய்ச்சீங்களா?"

என் கைகளில் இன்னும் அதன் வியர்வை ஈரமாக இருந்தது. வெள்ளை ரோமம் ஒட்டிக்கொண்டிருந்தது. கைகளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

குதிரைக்காரர் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மருத்துவரும் பதிலுக்குக் காத்திருக்காமல் ஊசியைப் போட்டார். அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மருந்துக் குப்பியைத் தட்டிக் காற்றை எடுக்கிற நேரம். அதற்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கொட்டகையைச் சுற்றிக் கோணிப்பைகளைத் தொங்கவிட்டார்கள். மருத்துவர் காலையும் மாலையும் வந்தார். நான் போகவில்லை. தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே என்பது எனக்கு வசதியான காரணமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போன் செய்தார். "பொண்ணு போயிட்டாம்மா" என்றார். ஜேசிபி கொண்டுவந்து வயலோரத்தில் குழி எடுக்கிறார்கள் என்றார். "வரேண்ணா" என்றேன். ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கிவிட்டு, மறுபடி வாசலில் ஏற்றி நிறுத்திவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அவர் ஊரிலிருந்து முழங்கால் வலிக்காக ஒரு அம்மாள் வந்தார். படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறவர். "எங்கூர்ல ஒரு குதிரக்காரரு கீறாரு. டாக்டருக்கு செலவு பண்ணப் பயந்துக்கினு குதிரையவே கொன்னுட்டாரு. வாயில்லா ஜீவன். அந்தப் பாவம் சும்மா வுடுமா?"

"அப்படியா" என்றேன்.

முழங்காலைச் சுற்றி மருந்து தேய்த்துக்கொண்டே, அப்படியா என்றேன். அந்த அம்மாள் போன பிறகு கழுவுதொட்டியில் கைகளை வைத்தபடி நின்றேன். அடுத்து காத்திருந்தவர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

குதிரைக்காரரின் மனைவி வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. கொட்டகையில் கோணிப்பைகள் இன்னும் தொங்கின.

"அண்ணன் இல்லீங்களா?"

"கழனில கீறாரு." நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே போனவர், பிறகு நின்றார். "அவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். குதிர செத்ததுக்குக் கூட நான் உன்ன ஒண்ணும் கேக்கல. உனக்குத் தெரியல, தேச்ச. சரி. ஆனா அந்த டாக்டரு வாயத் தொறந்து கேட்டாரே, அப்ப இன்னா ஆச்சு உனக்கு? ஊரே இவரப் பாத்து துப்புது. இத்தினி வருசம் புள்ளையாட்டம் வளத்தவரு. டீக்கடைக்குப் போறதில்ல. பேண்டு செட்டுக்காரங்க எதிர்ல வந்தா வேற தெருவுல போறாரு."

அன்றைக்கு அவர் என்னை யக்கா என்று கூப்பிடவில்லை. நான் அழுதேன். அழுதது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது என்று நினைக்கிறேன். "எங்கிட்ட அழுது இன்னா?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். ஆடு, மாடு, கோழிக்கூடை என்று பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் ஊர்க்காரர்களும் சிலர். மருத்துவர் ஒரு கன்றுக்குட்டியின் வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் குதிரைய நான்தான் தேய்ச்சேன். ரெண்டு நாளும். கழுத்தையும் திருப்பினேன். அவர் முதல் நாளே உங்களக் கூப்பிடவான்னு கேட்டார். நான்தான் வேணாம்னு சொன்னேன்."

எல்லோரும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். குரல் அவ்வளவு பெரிதாக வரவில்லை. ஆனாலும் கேட்டது. ஒருவர் "அடப்பாவி" என்றார். மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரோரம் என்னை உட்காரச் சொன்னார்.

"முதல் நாளே கூப்பிட்டிருந்தா பொழச்சிருக்குமா சார்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொழைக்கலாம். பொழைக்காமயும் போலாம். குதிரைக்கு வந்தா பாதிக்கு மேல போயிடும். இல்லன்னு உங்களுக்கு ஆறுதல் சொல்லவும் முடியாது, ஆமான்னு பழி போடவும் முடியாது." பிறகு கேட்டார்: "ஏம்மா என்னக் கூப்பிட வேணாம்னு சொன்னீங்க?"

ஃபேஷியல் கதையைச் சொன்னேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அதுக்கா?" என்றார்.

அங்கிருந்து நேராகக் குதிரைக்காரரின் கழனிக்குப் போனேன். வரப்பில் குந்தி மடை திருப்பிக்கொண்டிருந்தார். மருந்தகத்தில் சொன்னதைச் சொன்னேன். தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்ண்ணா அன்னிக்கு நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"யோசிச்சுப் பண்ணலம்மா. வாயில வந்துச்சு. அத்தினி பேரு நிக்கறாங்க, நீ பொம்பளப் புள்ள, பயந்து போய் நிக்கற." மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்து மடையில் போட்டார். "ஆனா நீ பேசுவன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். நான் பேசுவேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். மருத்துவர் வந்துபோன நாட்களெல்லாம் காத்திருந்திருக்கிறார். குழி வெட்டிய அன்றும்.

சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். விலங்குகளைத் தொடுவதையே நிறுத்திவிட நினைத்தேன். ஆடி மாதத்துக்கு முன்னால் மருத்துவரே போன் செய்தார். பெரியபாளையத்தில் திருவிழாவுக்கு வரும் குதிரைகளுக்கும் சுற்று ஊர்களில் இருப்பவைக்கும் டெட்டனஸ் ஊசி போடப் போகிறேன், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், வரமுடியுமா என்றார். போனேன். ஒவ்வொரு குதிரையாகக் கழுத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டேன், அவர் ஊசி போட்டார். கால்களைத் தூக்கிப் பார்ப்பது என் வேலை. கூழாங்கல், கண்ணாடிச் சில்லு, ஒரு குதிரையின் முன்னங்காலில் பாதி ஆணி. இப்போது அவர் பார்த்துச் சொல்கிற விலங்குகளை மட்டும் தேய்க்கிறேன். மாதத்துக்கு இரண்டு வந்தால் அதிகம்.

ஊரில் பேச்சு அவ்வளவாக மாறவில்லை. பழி வயல், டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று எல்லா இடத்துக்கும் போயிருந்தது. நான் சொன்னதோ மருந்தக வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போனது. முழங்கால் வலிக்கார அம்மாளிடம் நானே முழுக்கச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இருந்தாலும் அவருக்கு அறிவு வாணாமா?" என்றார். அடுத்த முறை வந்தபோது மறுபடி சொன்னேன்.

அவர்கள் வேறு குதிரை வாங்கவில்லை. கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள் நிற்கின்றன. சென்ற மாதம் ஊத்துக்கோட்டைச் சந்தையில் அவரும் அவர் மனைவியும் மாட்டுத் தீவனம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கிளினிக் எப்படிப் போகிறது என்று கேட்டார். அவர் மனைவி தவிட்டு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். சணல் கையிலிருந்து நழுவியது. நான் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முடிச்சுப் போட்டு முடித்தார். ஷேர் ஆட்டோ வந்ததும் மூட்டையோடு ஏறிப் போனார்கள்.